ரசம் தீர்ந்த பந்தி

பங்குக் கூடத்துக்கு வண்ணம் அடிக்கப் போகிறார்கள். நம் பெண்கள் குழுவின் இரும்பு அலமாரியைக் காலி செய்து தரும்படி ஃபாதர் சொல்லி அனுப்பியிருந்தார். நேற்று மத்தியானம் நானும் ரோசாலியும் போனோம். கதவைத் திறந்ததுதான் தாமதம், குப்பென்று தைல வாசனை. மேல் தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் உன் பைபிள். ரோசாலி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அழுதிருப்போம் என்று நினைப்பாய். இல்லை, இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். பெயின்ட் அடிக்க வந்தவர் ஏணியைப் பிடித்தபடி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் நெற்றிப் பொட்டில் தைலம் தடவிக்கொண்டு வருவாய். தலைவலியா என்று கேட்டால், "இன்னும் வரல. நீ பேச ஆரம்பிச்சா வரும்ல, அதுக்குத்தான்" என்பாய். நெற்றியைத் தொட்ட விரலாலேயே பக்கத்தையும் புரட்டுவாய். புத்தகம் அதில் ஊறிப்போயிருக்கிறது.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. இரண்டு தெரு தள்ளி இருந்தவளுக்கு யார் எழுதுவார்கள்? ஏதாவது என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே வந்துவிடுவேன். இப்போது நான் வர முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாய். எனக்கோ சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்ததிலிருந்து சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தது, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சோறு அப்புறம் ஆக்கிக்கொள்ளலாம்.

நீ முதன்முதலாக நம் குழுவுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடலூரில், மாதா சுரூபம் வைக்காமல் அல்லேலூயா பாடுகிற வேறு சபையில் பிறந்து வளர்ந்தவள் நீ. மில்லில் வேலை பார்த்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டுப் புதுச்சேரிக்கு வந்து, எங்கள் கோயிலில் பல வருடம் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டுப் போனவள். உன் வீட்டுக்காரர் தவறிய பிறகுதான் குழுவுக்கு வந்தாய். மாதா சுரூபத்துக்கு முன்னால் நாங்கள் முழங்காலிடும்போது நீ மட்டும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாய். "அல்லேலூயா வந்துட்டா" என்று ரோசாலி கண்ணடிப்பாள். நீயா சளைத்தவள்? "வந்துட்டேன், என் மெழுகுவத்தி எங்க?" என்று கையை நீட்டுவாய். அன்றைக்கே எனக்கு உன்னைப் பிடித்துப்போயிற்று.

நம் குழு எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குருசுக்குப்பத்து ரோசாலி காலையில் மீன் விற்றுவிட்டு, குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மனைவியான மதாம், தன் பிரெஞ்சு பைபிளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, குடையை ஊன்றி மெதுவாக வந்து சேருவார். பள்ளிக்கூட அலுவலகத்தில் காலமெல்லாம் பிள்ளைகளை அதட்டிப் பழகிய நான் இங்கேயும் அதட்டிக்கொண்டிருப்பேன். மாதத்தின் கடைசி வியாழன் பைபிளை மூடிவைத்துவிட்டு ஏதாவது ஒரு நாவல். நாவலில் வருகிற பெண் புருஷனை விட்டுப் போனது சரியா தப்பா என்று நாம் போட்ட சண்டையில், வாசலில் பூ விற்கிற அம்மா உள்ளே வந்து எட்டிப்பார்த்தார். "யாருங்க அது, எந்தத் தெருப் பொண்ணு?" என்று கேட்டார். கதையில்தான் என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து நீ இருமி இருமிச் சிரித்தாய்.

சரி, சேசு ஜாடிகளில் தண்ணீரை நிரப்பச் சொல்லி, அதை முதலில் ஊற்றியதைவிட நல்ல ரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்துக்கு வருகிறேன்.

வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வரி, அவரவர் கையில் இருக்கிற பைபிளிலிருந்து சத்தமாக வாசிப்பது நம் வழக்கம். எழுத்து வேகமாக ஓடாத ரோசாலிக்கு மட்டும் நான் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுப்பேன். எங்கள் எல்லோரிடமும் இருந்தது கத்தோலிக்கர்களுக்கு வந்த புது மொழிபெயர்ப்பு. உன்னிடம் உன் அப்பா வாங்கித் தந்த பழையது. நாங்கள் வாசிக்கிற வரி எல்லாம் வீட்டுச் சேலையில் வரும், உன் வரி மட்டும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரும். அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, அன்று வரைக்கும்.

ஒரு கல்யாண வீட்டில் சேசுவும் இருக்கிறார், அவருடைய தாயும் இருக்கிறார். விருந்து நடக்கும்போதே திராட்சை ரசம் தீர்ந்துபோகிறது. தாய் போய் மகனிடம் அதைச் சொல்கிறார். அந்த இடம் வந்ததும் ரோசாலி, "நம்ம ஊரா இருந்தா அந்தம்மாவுக்கு இந்தக் கவலையே இல்ல, தெருவுக்கு ஒரு கடை" என்றாள். நான் அவளை முறைத்துவிட்டு, அடுத்தது யார் என்றேன். அடுத்தது நீ. மகன் தாய்க்குப் பதில் சொல்கிற வரி உன் பங்குக்கு வந்தது. நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கணீரென்று, "ஸ்திரீயே" என்று ஆரம்பித்தாய்.

என் விரல் என் பைபிளில் அந்த வரியைத் தேடியது.

"என்னா? திருப்பிப் படி" என்றேன்.

படித்தாய். மறுபடியும் ஸ்திரீயே.

"பெத்த தாயைப் பாத்து எந்தப் புள்ளையாவது பொம்பளையேன்னு கூப்பிடுமா? இதோ பாரு, எங்களுதுல, அம்மா, அதைப்பற்றி நாம் என்ன செய்ய முடியும்னு அழகா இருக்கு."

"உங்களுதுல மாத்திட்டாங்க போல" என்றாய், கொஞ்சம்கூட அசராமல்.

எனக்கு வந்ததே கோபம். "யாரு மாத்துனது? உங்க ஆளுங்கதான் மாதாவ மட்டம் தட்றதுக்குன்னு மாத்தியிருப்பாங்க."

அதுவரை பேசாமல் தன் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்த மதாம் தொண்டையைச் செருமினார். "பிரெஞ்சுல ஃபாம்னு போட்டிருக்கு, ஜோசபின்."

"அப்படின்னா?" என்றேன்.

"பொம்பளைன்னுதான்."

ரோசாலி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "என் புள்ள மட்டும் என்னை அப்படிக் கூப்பிட்டுப் பாக்கட்டும், மீன் கூடையாலயே போடுவேன்."

அவ்வளவுதான். கூடமே இரண்டாகிவிட்டது. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் ஸ்திரீ. நான் எழுந்து நின்றே பேசினேன், மேசையைக்கூடத் தட்டினேன் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு வியாழக்கிழமை நமக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. ஒரே ஒரு சொல்லுக்காக இத்தனை பெண்கள், அதுவும் மிளகாய்ப் பொடி அரைக்கவும் குழாய்த் தண்ணீர் பிடிக்கவும் போக வேண்டியவர்கள், நேரம் போவது தெரியாமல் கத்திக்கொண்டிருந்தோமே. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பைபிள் உயிரோடு இருக்கிற புத்தகம் என்று பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நீ மட்டும் கத்தவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னாய். "ஏதோ ஒண்ணு சொல்லிக் கூப்பிட்டாரே. அதுவே பெருசு."

யாருக்கும் புரியவில்லை. நீயே பேச்சை மாற்றிவிட்டாய். "அந்தம்மா கோவிச்சுக்கிட்டாங்களா பாரு. இல்லையே. நேரா வேலைக்காரங்ககிட்ட போயி, அவர் சொல்றதச் செய்ங்கன்னு சொல்லிட்டாங்க. எப்படிக் கூப்பிட்டாருன்னு நாமதான் அடிச்சிக்கிறோம். அவங்க போய் வேலையப் பாத்தாங்க."

திரும்பும்போது நீயும் நானும் கடற்கரைச் சாலை வழியாக நடந்தோம். எனக்கு அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. அதென்ன அதுவே பெருசு என்று பிடித்துக்கொண்டேன். முதலில் மழுப்பினாய். பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கடலைப் பார்த்தபடி பிலிப்பைப் பற்றிச் சொன்னாய்.

பிலிப் உன் வீட்டுக்காரருடைய முதல் தாரத்துப் பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். நீ வந்தபோது அவன் இரண்டாம் வகுப்பு. சித்தி என்று கூப்பிடச் சொல்லி அவனுடைய பெரியம்மா, அதாவது இறந்துபோன தாயின் அக்கா, சொல்லிக் கொடுத்தாராம். அதையும் அவன் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை.

"மொட்டையாவே பேசுவான் ஜோசி. சோறு ஆச்சா, சாவி எங்க, துண்டு காணோம். அவ்ளோதான். வெளியில இருந்து வந்தா மத்த புள்ளைங்க அம்மான்னு குரல் குடுக்கும்ல, இவன் வண்டி ஹாரன அடிப்பான். கதவத் தொறக்கணும்னு அர்த்தம். போன்ல, ம், நான்தான்."

"கெட்டவனா?"

"சேச்சே. தங்கம். எனக்கு காய்ச்சல்னா வேலைக்கே போகமாட்டான். தேங்காய்த்திட்டு ஹார்பர்ல போட் இன்ஜின் ரிப்பேர் பாத்துட்டு வரப்போ நல்ல மீனாப் பாத்து வாங்கிட்டு வருவான். முள்ளு எடுத்து என் தட்டுல வெப்பான். அந்த ஒரு சொல்லு மட்டும் வரல."

பிறகு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அவனுக்குப் பொண்ணு பாத்தாச்சு. கல்யாணம் ஆனா தனியா போயிடுவான். வீட்ல அவரும் இல்ல. அதுக்குள்ள ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டான்னா போதும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உனக்குத் தெரியாதா? அந்த நிமிடமே தேங்காய்த்திட்டுக்குப் போய், அவன் காதைத் திருகி இழுத்து வந்து உன் முன்னால் நிறுத்தியிருப்பேன். எழுந்தேகூட விட்டேன். நீ என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாய். "நீ வாயத் தொறந்த, அப்புறம் உன் முகத்துலயே முழிக்க மாட்டேன். கேட்டு வாங்கின சொல்ல வெச்சுக்கிட்டு நான் என்னா பண்றது?"

அடுத்த வியாழக்கிழமை ஃபாதரைக் கூடத்துக்கே வரவழைத்துவிட்டேன். மூல மொழியில் பெண்ணே என்கிற பொருளில்தான் இருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் அங்கே அது மரியாதையான விளி, நம் காதுக்கு அப்படிக் கேட்காது என்பதால் அம்மா என்று மாற்றினார்கள் என்றார். மதாமும் நீயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் நீ அதோடு விடவில்லை. "மரியாதைன்னு நமக்கு நீங்க சொல்றீங்க ஃபாதர். அந்தம்மாவுக்கு, அம்மான்னு கேக்கணும்னு ஆசையா இருந்திருக்காதா?" என்று கேட்டாய். ஃபாதர் தாடையைத் தடவிக்கொண்டார். "நான் படிச்சதுல இதுக்குப் பதில் இல்லம்மா" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு அந்த ஃபாதரை ரொம்பப் பிடிக்கும்.

கல்யாணம் நெருங்க நெருங்க எனக்குத்தான் படபடப்பு. வியாழன் தவறாமல் உன் முகத்தைப் பார்ப்பேன். நீ உதட்டைப் பிதுக்குவாய், இல்லை என்று. பத்திரிகை அடித்து வந்தது. மறைந்த அப்பா பெயர், மறைந்த அம்மா பெயர், அதற்குக் கீழே பெரியம்மாவின் பெயர். உன் பெயர் உறவுமுறையோடு உறவுமுறையாக ஓரத்தில் நின்றது. மாப்பிள்ளையைத் தாய் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டி வருவது இந்த ஊரில் பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன வழக்கம். அதற்கும் பெரியம்மாதான் என்று முடிவாகிவிட்டது. பிலிப் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "பெரியம்மா தூக்கி வளத்தவங்க, அவன் என்னா சொல்லுவான், பாவம்" என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ஜெபமாலையையே பாதியில் விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று நீ நீலப் பட்டில் எங்களோடு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். பெரியம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு பிலிப் நடந்து வந்தான். கோட்டு சூட்டில் அழகாகத்தான் இருந்தான். நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். "வாய மூடிக்கிட்டு பாட்டப் பாடு" என்று என் தொடையில் ஒன்று வைத்தாய்.

விருந்து மண்டபத்தில். இப்போது வருகிறதைத்தான் நான் ரோசாலி மகள் கல்யாணத்தில் சொல்லியிருக்கிறேன், மதாமின் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாவுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், நீ அங்கேயே இருந்தாய் என்றாலும்.

பிரியாணிப் பந்தி இரண்டு ஓடிவிட்டது. மூன்றாவது பந்தியில் பெண் வீட்டுப் பெரியவர்கள். வெள்ளைச் சோறு போட்டாகிவிட்டது, மோர் வரைக்கும் எல்லாம் இருக்கிறது, மிளகு ரசம் காலி. கேக் வெட்டும்போது ஆளுக்கு ஒரு வாய் கொடுத்த ஒயின்கூடப் பாட்டில் பாட்டிலாக மிச்சம் கிடந்தது. தீர்ந்தது ரசம். பரிமாறுகிற ஆள் நேரே உன்னிடம் ஓடி வந்தான். பத்திரிகை அடித்தவர்களுக்குத் தெரியாவிட்டாலும், அன்று அந்த வீட்டுக்காரி யார் என்று சமையல்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

நீ விறுவிறுவென்று மேடைக்குப் போனாய். நானும் மதாமும் ரோசாலியும் பரிசுப் பொட்டலத்தோடு போட்டோவுக்கு வரிசையில் நிற்கிறோம். போட்டோக்காரர் கத்துகிறார், பாட்டு அலறுகிறது. வியர்வை வழிய நின்ற பிலிப்பின் தோளருகில் போய் நீ சொன்னாய். "ரசம் தீந்துபோச்சு."

கானாவூரில் தாய் மகனிடம் சொன்ன அதே வரி. ரோசாலியின் கை என் கையைப் பிடித்துவிட்டது. நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியவில்லை.

பிலிப் போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டே, எரிச்சலாக, "அத நாம ஏம்மா பாக்கணும், சமையல்காரர் பாத்துப்பாரு" என்றான்.

ஏம்மா.

ரோசாலி கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. மதாம், "மோன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுப் பரிசுப் பொட்டலத்தைக் கீழே போட்டார். உள்ளே கண்ணாடித் தட்டுகள். அது அப்போது யாருக்கு வேண்டும்? அந்த வரியேதான். நம் புது பைபிளில் இருக்கிற அதே பதில், அதே விளி, ஒரு வியாழக்கிழமைகூட நம் கூட்டத்துக்கு வராத பையனின் வாயிலிருந்து. எனக்கு அந்த இடத்திலேயே அல்லேலூயா சொல்ல வேண்டும் போல இருந்தது, நான் ஒரு பழுத்த கத்தோலிக்கச்சி.

நாங்கள் மூன்று பேரும் உன்னைப் பார்த்தோம். நீ எங்கே? நீ அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். "அந்த அண்டாவுல தண்ணிய ரொப்புங்க" என்று நீ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாய். ரோசாலி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு தாங்காமல். புளி கரைத்து, தக்காளி பிசைந்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, பந்திக்கு ரசம் போய்விட்டது. முதலில் ஊற்றியதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று பெண்ணின் தாய்மாமா சொன்னதாக ரோசாலி சத்தியம் செய்கிறாள். அதை மட்டும் நான் நம்பவில்லை. ரோசாலி எதையும் ஒரு கை கூடவே போட்டுத்தான் சொல்லுவாள்.

ஆனால் உன் முகத்தில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் காத்திருந்த சொல், வந்தது, போய்விட்டது, இவள் காதில் விழவில்லையே என்று எனக்கு அடித்துக்கொண்டது. சாயங்காலம் மண்டபம் காலியான பிறகு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீயும் இன்னொரு நாற்காலியில் உன் கால்களுமாக உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் வந்து குனிந்தேன்.

"ஏய், அவன் உன்னை என்னா சொல்லிக் கூப்பிட்டான்னு கவனிச்சியா?"

"கேட்டுச்சு" என்றாய்.

"கேட்டுச்சா? அப்புறம் ஏன் திரும்பிக்கூடப் பாக்காம போன?"

நீ பாதத்தை அமுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாய். "திரும்பிப் பாத்திருந்தேன்னு வையி, என்னா சொன்னோம்னு அவனுக்குத் தெரிஞ்சு போயிருக்கும். அப்புறம் யோசிச்சு யோசிச்சு நிறுத்திடுவான். அவசரத்துல வாய் தவறி வந்தது. நான் பாத்தா அந்தச் சொல்லு பயந்து ஓடிடப் போவுதுன்னுதான் அப்படியே போயிட்டேன்." பிறகு என் கையைப் பிடித்தாய். "இத அவன்கிட்ட சொல்லிடாத." அப்போதுதான் நீ அழுதாய், பட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நானும்.

அதற்குப் பிறகு பிலிப் நோணாங்குப்பம் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தான். எப்போதாவது, வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போது, உள்ளே பார்த்து அம்மா என்று ஒரு குரல் கொடுப்பானாம். பல நாள் பழைய மொட்டைதான். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்று நீ இருந்தாய். குழந்தை பிறந்த பிறகு அதுவோ உன்னை ஆயா ஆயா என்று ஊருக்கே கேட்கக் கூப்பிட்டது. உனக்கு உடம்பு முடியாமல் போன அந்த மாதங்களில் வேலையை விட்டுவிட்டு ராத்திரி பகலாக அவன்தான் பக்கத்தில் இருந்தான். அவனிடம் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் காப்பாற்றிய ஒரே விஷயம் என் வாழ்க்கையில் அதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள், தெரிந்தால்.

இப்போது இன்று காலை நடந்ததைக் கேள்.

பூசை முடிந்து கோயில் வாசலில் பிலிப், மனைவி, குழந்தையோடு நின்றுகொண்டிருந்தான். வருகிற வியாழன் நம் குழுவுக்கு மறுபடியும் அந்தக் கானாவூர் அதிகாரம்தான் வருகிறது. புதிதாக வந்திருக்கிற பெண்கள் நிறைய. எனக்கு அந்தக் குஷி. அவனைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. நீதான் போய்விட்டாயே, இனிமேல் எதைப் பார்த்து எது பயப்படப் போகிறது என்று நினைத்துவிட்டேன். ரசம் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஸ்திரீயே சண்டையைச் சொன்னேன், வாய் தவறி வந்த ஏம்மாவைச் சொன்னேன், அண்டாவைச் சொன்னேன். அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிலிப் சிரிக்கவில்லை.

மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் போனதும், மெதுவாகக் கேட்டான். "வாய் தவறி வந்ததுன்னு யாரு சொன்னது ஆன்ட்டி?"

சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே மேலே சொன்னான்.

"நான் வேணும்னுதான் சொன்னேன். சின்னதுல, அம்மான்னு கூப்பிட்டா எங்கம்மாவ மறந்த மாதிரி ஆயிடும்னு ஒரு இது. வளந்தப்புறம் வெக்கம். இத்தன வருசம் கழிச்சு திடீர்னு எப்படிக் கூப்பிடறது? கல்யாணத்தன்னிக்கு எப்படியாவது சொல்லிடணும்னு இருந்தேன். கோயில்ல முடியல, பெரியம்மா கூட இருந்தாங்க. மண்டபத்துல அவங்களே ரசம்னு வந்து நின்னாங்க. சத்தத்தோட சத்தமா, கோவமா சொல்ற மாதிரி சொல்லிட்டேன்." அவன் வண்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "அவங்க திரும்பவே இல்ல ஆன்ட்டி. காதுல விழலயா, இல்ல புடிக்கலயான்னு எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் எப்போ கூப்பிட்டாலும் பயந்து பயந்துதான் கூப்பிட்டேன்."

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன், கோயில் வாசல் என்றுகூடப் பார்க்காமல். நீ சொல்லாதே என்றதை எல்லாம் சொன்னேன். கேட்டது என்றேன். ஏன் திரும்பவில்லை என்றும் சொன்னேன். அவன் அப்படியே படியில் உட்கார்ந்தான். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எழுந்தபோது முகம் சின்னப் பையன் முகமாக இருந்தது. "அப்ப அவங்களுக்குக் கேட்டுச்சு" என்றான். "கேட்டுச்சுடா" என்றேன். இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு தடவை சொன்னேன். வண்டி கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி மறுபடியும் கேட்டான்.

அவனுக்குச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க, உனக்குச் சொல்ல வேண்டுமே, உனக்கு யார் சொல்வார்கள் என்றே நடந்து வந்தேன். அதற்குத்தான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தது. இனி வியாழக்கிழமைகளில் அந்த வரியை யார் எப்படி வாசித்தாலும் நான் சண்டைக்குப் போகப் போவதில்லை. மேடையில் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு அவன் நின்றதும், நீ முதுகு காட்டி நடந்ததும்தான் அப்போது என் கண்முன்னால் வரும்.

வாய் தவறி வரவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டான், தெரிந்தேதான் கூப்பிட்டான்.